மறைவு தரும் உயிர்வேலி



இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்த ஒரு காணிக்கு முன்னொரு முறை சென்றிருந்தபோது, தேவைகள் என்னவென்று வழமைபோலக் கேட்டேன். ஆண்கள் மண்வெட்டியும் விதையும் கேட்டார்கள். கடைசியில், அதுவரை பின்னால் நின்ற ஒரு தாய் முன்னே வந்து சொன்னார்: "சுவாமி, அரிசியும் பருப்பும் கிடைக்குது. பெண்பிள்ளையள் குளிக்க ஒரு மறைப்புத்தான் இல்லை."

அன்று நாங்கள் கொடுத்தது நான்கு தடியும் ஒரு தறப்பாளும். அடுத்த சோளகக் காற்றில் அந்தத் தறப்பாள் கிழிந்து போயிற்று. பின்னர் கிடுகு கொடுத்தோம். அதைக் கறையான் தின்றது. மூன்றாவது முறை அந்தத் தாயே ஒரு வழி செய்திருந்தார். தெரிந்த வீடொன்றிலிருந்து கிளுவைத் தடியும் சீமைக்கிளுவைத் தடியும் வெட்டி வந்து கிணற்றடியைச் சுற்றி நாட்டியிருந்தார். அடியில் ஆடாதோடை வைத்திருந்தார். இரண்டு மாரி கடந்தபின் அந்த இடம் பச்சைச் சுவராக நின்றது. தறப்பாளுக்குச் செலவான பணம் போயிற்று. செலவே இல்லாத வேலி நிலைத்தது.

இந்தப் பாடம் அந்த வேலியைப் பற்றியது. சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களுக்கும், இன்னும் பிறர் காணியில் குடியிருப்பவர்களுக்கும் இது பயன்பட வேண்டும் என்பதே எமது நோக்கம்.

1. வேலி எதற்காக?

வேலி என்றதும் கால்நடையைத் தடுப்பதையும் எல்லை காட்டுவதையும் மட்டுமே நினைக்கிறோம். உண்மையில் நல்ல உயிர்வேலி ஒன்று ஐந்து வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, மறைவு. குளிக்குமிடம், மலசலகூடம், பாலூட்டும் தாய் இருக்கும் திண்ணை ஆகியவை ஒழுங்கையில் போவோரின் கண்ணில் படாமல் இருப்பது மானத்தோடு வாழ்வதன் ஒரு பகுதி.

இரண்டாவது, காற்றுத் தடுப்பு. வைகாசி தொடக்கம் புரட்டாதிவரை வீசும் சோளகம் வெங்காயத் தாளை முறிக்கும். மிளகாய்ப் பூவை உதிர்க்கும். மேல்மண்ணை அள்ளிச் செல்லும். ஒரு வேலி தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைக் குறைக்கும். அதாவது, ஆறடி உயரமான வேலி அறுபது அடிக்குக் காவல் நிற்கும். ஆனால் காற்றுச் சிறிதும் புகாத தகரவேலிக்கு இந்தக் குணம் இல்லை. காற்று அதில் மோதி மேலே ஏறி மறுபக்கம் சுழன்று விழுந்து பயிரைச் சாய்க்கும். இலைவேலி காற்றைச் சல்லடைபோல வடிக்கிறது. ஆகவே தெற்கு, தென்மேற்குப் பக்க வேலியை முதலில் கவனியுங்கள்.

மூன்றாவது, குழை. வயலுக்குப் பசளையும் ஆட்டுக்குத் தீனியும் வேலியிலிருந்தே கிடைக்கும். நான்காவது, விறகு. ஐந்தாவது, கறியும் மருந்தும். முசுட்டை, தூதுவளை, குறிஞ்சா, கொவ்வை எல்லாம் எங்கள் வேலிகளில் படர்ந்து வளர்ந்தவைதாம். வேலி போனபோது அந்த வறைகளும் சட்டியிலிருந்து போயின.

2. மான் வேட்டைக் காணியிலிருந்து ஒரு பாடம்

அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டைக்கென்று தனியார் காணிகளைப் பராமரிப்பவர்கள் உண்டு. அங்கே குறித்த பருவத்தில் அனுமதிப்பத்திரம் பெற்று மான் வேட்டையாடச் சட்டம் இடமளிக்கிறது. அந்தக் காணிக்காரர்கள் மானுக்குத் தீனிப்பயிர் வைப்பதோடு, மறைப்புப் பயிரும் நாட்டுகிறார்கள். தெருவில் போகும் வாகனத்தையோ, பரணுக்கு நடந்து செல்லும் மனிதனையோ மான் கண்டுவிட்டால் பின்னர் இரவில் மட்டுமே வெளியே வரும். கண்படாத இடத்தில்தான் அது பகலிலும் அச்சமின்றி நடமாடும். ஆகவே தெருவோரத்திலும் நடைபாதையோரத்திலும் பச்சைத் திரை எழுப்புகிறார்கள்.

வேட்டை எங்கள் தொழில் அல்ல. எங்கள் நாட்டில் புள்ளிமானும் மரையும் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றை வேட்டையாடுவது குற்றமாகும். எனினும் அந்தக் காணிக்காரர்கள் அனுபவத்தால் கற்ற நாட்டும் முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை நான்கு.

முதலாவது: விரைவில் வளர்வதையும் மெதுவாக வளர்வதையும் சேர்த்தே நாட்டுதல். அவர்கள் நிரந்தரத் திரைக்கு ஆளுயரத்துக்கு மேல் வளரும் சுவிச்கிராஸ் என்ற புல்லை வைக்கிறார்கள். அது வேர்பிடித்து நிமிர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை, ஒரே பருவத்தில் உயரும் இறுங்கு வகைகளை அருகே விதைத்து மறைப்பெடுக்கிறார்கள்.

இரண்டாவது: எல்லாக் காலத்திலும் மறைக்கும் மரத்தைத் தேர்தல். பனிக்காலத்தில் இலையுதிர்க்கும் மரம் திரையாகாது என்பதால் ஊசியிலை மரங்களைக் கலந்து நாட்டுகிறார்கள். எங்களுக்குப் பனிக்காலம் இல்லை, கோடை உண்டு. கோடையில் இலை கொட்டும் மரத்தை மட்டும் நம்பினால் எமது வேலியும் வெறும் தடியாகிவிடும்.

மூன்றாவது: ஒற்றை வரிசை போதாது. ஒரு மரம் பட்டால் அங்கே பொட்டு விழும். இரண்டு வரிசையாக, முன்வரிசை இடைவெளிக்கு நேரே பின்வரிசை மரம் வரும்படி நாட்ட வேண்டும்.

நான்காவது பாடம் எச்சரிக்கையாகும். மறைப்பு விலங்குக்கும் அடைக்கலம் கொடுக்கும். அவர்கள் அதை விரும்பிச் செய்கிறார்கள். காட்டோரமாகத் தோட்டம் செய்யும் நாங்கள் அதையே தவறுதலாகச் செய்துவிடக் கூடாது. வேலிக்கு வெளியே பற்றை மண்டினால் பகலில் பன்றி அங்கே படுக்கும். இரவில் மரவள்ளியைக் கிளறும். ஆகவே வன்னியில் காட்டை அடுத்துள்ள காணிகளில் வேலியின் வெளிப்புறம் பத்து அடியாவது செருக்கித் துப்புரவாக வைத்திருங்கள். பன்றி வெளியான இடத்தைக் கடக்கத் தயங்கும். யானைக்கு உயிர்வேலி தடையாகாது. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

3. எந்த மரத்தைத் தேர்வது?

கிளுவை: வரண்ட நிலத்துக்கு ஏற்றது. வளர்ச்சி மெதுவானாலும் ஆயுள் நீண்டது. மூலைக் கதியாலுக்கும் எல்லைக் கதியாலுக்கும் இதுவே நல்லது.

சீமைக்கிளுவை: கிளிறிசிடியா என்பதும் இதுவே. விரைவில் வளரும். காற்றிலுள்ள நைதரசனை வேர்முடிச்சுகளில் சேர்க்கும். குழை இரண்டு மூன்று வாரத்தில் உக்கிவிடும். ஆடு முதலில் மணத்துக்கு முகம் சுளிக்கும். வெட்டிய குழையைச் சில மணி நேரம் வாடவிட்டுச் சிறிது சிறிதாகப் பழக்கினால் தின்னும். இதன் குறை, கோடையில் பூப்பதும் இலையுதிர்ப்பதும் ஆகும். மாரி முடியும் தறுவாயில் ஒருமுறை வெட்டிவிட்டால் புதுத்துளிர் வந்து கோடையிலும் ஓரளவு பச்சையாக நிற்கும்.

பூவரசு: கடற்கரையை அண்டிய உவர் நிலத்திலும் பிடிக்கும். அகன்ற இலை நல்ல மறைப்புத் தரும். ஆனால் வெண்டித் தோட்டத்துக்கு அருகில் வேண்டாம். வெண்டியைத் தாக்கும் சிவப்புப் பருத்திப் பூச்சி பூவரசிலும் வாழும்.

முள்முருக்கு: முன்னர் எங்கும் நாட்டப்பட்டது. அண்மைக் காலத்தில் இலையில் கழலை உண்டாக்கும் சிறு குளவி இதைத் தாக்குவதால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

இப்பிலிப்பில்: 1980களில் ஒரு சிறு பூச்சியால் ஆசிய நாடுகள் பலவற்றில் அழிவைச் சந்தித்த மரம். விதை சிந்தி எங்கும் முளைக்கும். நாட்டினால் காய் முற்றமுன் வெட்ட வேண்டும்.

ஆடாதோடை, நொச்சி: இரண்டையும் ஆடு தொடாது. வேலியின் அடிப்பாகத்தை அடைக்க இவற்றுக்கு இணையில்லை. ஆடாதோடை இருமலுக்குக் கைமருந்து. நொச்சியிலை நுளம்புப் புகைக்கும் தானியப் பாதுகாப்புக்கும் உதவும்.

பனை: போரிலே எண்ணற்ற பனைகளை இழந்தோம். பனம்விதையை எல்லையோரமாக நெருக்கமாக இரண்டு மூன்று வரிசையில் புதைத்தால் சில ஆண்டுகளில் வடலிவேலி எழும். காய்க்க ஒரு தலைமுறைப் பொறுமை வேண்டும். ஆனால் வடலி ஓலையே மறைப்பாகும். ஆடி, ஆவணியில் விழும் பழத்தின் விதையைச் சேர்த்து மாரியோடு புதையுங்கள்.

நாட்டக் கூடாதவையும் உள்ளன. சீமைக் கருவேல் 1950களில் அம்பாந்தோட்டைப் பகுதியில் நாட்டப்பட்டது. பின்னர் அது நாகதாளியோடு சேர்ந்து பூந்தல தேசிய பூங்காவின் பெரும் பரப்பை மூடிவிட்டது. விரைவில் வளரும் என்று ஒருவர் தந்தாலும் வாங்காதீர்கள்.

மஞ்சள் அலரியையும் வீட்டு வேலியில் வைக்க வேண்டாம். மாடு கடிக்காது, நீர் வேண்டாம், எப்போதும் பச்சை என்ற காரணங்களால் பலர் அதை நாட்டுகிறார்கள். அதன் விதை கடும் நஞ்சு. வடக்கிலே அது எத்தனை குடும்பங்களைக் கண்ணீரில் ஆழ்த்தியது என்பதை நீங்கள் அறிவீர்கள். துன்பம் மிகுந்த ஒரு பொழுதில் கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்கக் கூடாது. வேலியில் ஏற்கனவே இருந்தால் அந்த இடத்தில் வேறொன்றை நாட்டிவிட்டு அதைக் கிளப்புங்கள். ஆமணக்கு விதையும் நஞ்சு என்பதால் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் தவிர்ப்பது நல்லது.

4. மண்ணைத் தொடுமுன்

போர் நடந்த பகுதியில் மீளக்குடியேறியவர்கள் இதை முதலில் வாசிக்க வேண்டும். போர் 2009இல் முடிந்தபோதும் வெடிபொருள் அகற்றும் பணி வடக்கில் தொடர்ந்தது. பழைய வேலியோரம், மண்ணணை, பதுங்குகுழி, கைவிட்ட கிணற்றடி ஆகியவை ஆபத்து அதிகமுள்ள இடங்கள். வேலி நாட்டுபவன் அலவாங்கு போடுவதும் அங்கேதான். காணி துப்புரவாக்கப்பட்டது என்ற உறுதி கிடைக்காமல் குழி தோண்டாதீர்கள். பழைய முட்கம்பியை இழுக்காதீர்கள். பற்றைக்குத் தீ வைக்காதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிச் சென்று, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். ஒரு மாரி பிந்தினால் வேலி பிந்தும், அவ்வளவுதான்.

5. கதியால் வெட்டி நாட்டும் முறை

ஒருமுறை நான் செய்த தவறைச் சொல்லுகிறேன். ஒரு குடியேற்றத்துக்கு உழவு இயந்திரப் பெட்டி நிறையச் சீமைக்கிளுவைத் தடி ஏற்றிச் சென்றேன். மாசி மாதம், இளந்தடிகள், இரண்டு நாள் வெயிலில் கிடந்தவை. நாட்டிய மூன்றாம் வாரம் எல்லாம் துளிர்த்தன. எல்லோரும் மகிழ்ந்தோம். சித்திரை வருமுன் ஒன்றுவிடாமல் கருகின. அங்கிருந்த வயோதிபர் ஒருவர் தடியைப் பிடுங்கிக் காட்டினார். அடியில் ஒரு வேர்கூட இல்லை. தடி தன்னுள்ளே சேமித்து வைத்திருந்த உணவைக் கொண்டு துளிர்த்திருக்கிறது; வேரில்லாததால் அது முடிந்ததும் செத்திருக்கிறது. அன்று முதல், இலையைக் கண்டு ஏமாறுவதை விட்டுவிட்டேன்.

ஆகவே முறை இதுதான்.

காலம்: ஐப்பசி மழை நிலத்தை நன்கு நனைத்தபின் நாட்டுங்கள். மாரி முழுவதும் வேர்விடக் காலம் கிடைக்கும்.

தடி: முதிர்ந்த, பட்டை பழுப்பேறத் தொடங்கிய கிளையாக இருக்கட்டும். பெருவிரலிலும் மொத்தம், மணிக்கட்டிலும் மெல்லிது என்பது அளவு. நீளம் ஐந்து அல்லது ஆறு அடி. ஆடு மாடு நடமாடும் பக்கத்துக்கு ஏழு அடி வெட்டினால் துளிர் ஆட்டுக்கு எட்டாது.

வெட்டு: கூரான கத்தியால் ஒரே வெட்டாக, சாய்வாக வெட்டுங்கள். நசிந்த அடி அழுகும். மேல் நுனியையும் சாய்வாக வெட்டினால் மழைநீர் தங்காது. நுனியில் சாணியும் களியும் குழைத்து அப்பினால் காயாது.

சேமிப்பு: வெட்டிய தடிகளை நிழலில் நிமிர்த்திச் சாத்தி வையுங்கள். சில நாள் பொறுக்கும். வெயிலில் கிடத்தக் கூடாது.

குழி: அலவாங்கால் ஓர் அடி ஆழத்துக்குக் குழியிட்டுப் பின்னர் தடியை இறக்குங்கள். தடியையே அடித்து இறக்கினால் பட்டை உரியும். உரிந்த இடத்தில் வேர் வராது. அடிப்பக்கம் கீழே இருப்பதைப் பாருங்கள். அவசரத்தில் தலைகீழாக நாட்டியவர்களும் உண்டு. சுற்றிவர மண்ணைக் காலால் இறுக மிதியுங்கள்.

இடைவெளி: எல்லை வேலிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்று. குளிக்குமிட மறைப்புக்கு ஓர் அடிக்கு ஒன்றாக இரு வரிசை. வரிசைக்கு இடையே ஓர் அடி. உட்புறமாக ஆடாதோடை அல்லது நொச்சித் துண்டுகளை ஓர் அடிக்கு ஒன்று வையுங்கள்.

கட்டு: குறுக்காக இரண்டு வரிச்சுக் கட்டித் தடிகளை இணையுங்கள். காற்றில் ஆடும் தடி வேர்பிடிக்காது. கட்டு இறுகிப் பட்டையை வெட்டாதபடி அடுத்த ஆண்டு தளர்த்த வேண்டும்.

முதற் கோடை: அடியில் வைக்கோல், காவோலைத் துண்டு, சருகு போட்டு மூடாக்கு இடுங்கள். குளித்த நீரை வாய்க்கால் வழியே வேலியடிக்குத் திருப்பி விடுங்கள். கறையான் ஏறினால் அடியில் சாம்பல் தூவிப் புற்றை உடைத்துவிடுங்கள்.

வேலி வளரும்வரை என்ன செய்வது? வேலியோரம் இறுங்கு, மரவள்ளி, அகத்தி வையுங்கள். வரிச்சின் மேல் பயற்றை, அவரை, பாகல் படரவிடுங்கள். மூன்று மாதத்தில் ஓரளவு மறைப்பும் கறியும் கிடைக்கும். இது எங்கள் முதலாம் பாடம்: விரைவானதும் மெதுவானதும் சேர்ந்து வளரட்டும்.

6. வெட்டிப் பராமரித்தல்

வேலியைக் கெடுப்பது பெரும்பாலும் வெட்டாமல் விடுவதே. வெட்டாத கதியால் மேலே குடைபோல விரிந்து கீழே வெறுமையாகிவிடும். பார்வையைத் தடுக்க வேண்டியது இடுப்பு உயரமும் கண் உயரமும் ஆகும். ஓராண்டு முடிந்து நன்கு வேர்பிடித்தபின் முதல் வெட்டை வெட்டுங்கள். அதன்பின் ஆண்டுக்கு மூன்று முறை வெட்டலாம். கீழ்ப்பாகம் சற்று அகலமாகவும் மேற்பாகம் ஒடுங்கியும் இருக்கும்படி வெட்டினால் அடியிலைக்கு வெயில் படும், அடி அடர்த்தியாகும்.

வேலியிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளியே மிளகாய், வெங்காயப் பாத்தி போடுங்கள். வேர்ப்போட்டியும் நிழலும் குறையும். அந்த இடைவெளி நடைபாதையாக உதவும்.

7. ஒரு கணக்கு

20 பேர்ச் காணி ஒன்றை எடுப்போம். அகலம் 55 அடி, நீளம் 99 அடி. சுற்றளவு 308 அடி. படலைக்கு 10 அடி விட்டால் வேலி 298 அடி. ஒன்றரை அடிக்கு ஒன்று என்றால் ஏறத்தாழ 200 கதியால் வேண்டும். அத்தனையையும் ஒரே மாரியில் தேட முடியாது. விலைக்கு வாங்கவும் தேவையில்லை.

முதல் மாரியில் ஒழுங்கைப் பக்கத்து 45 அடியை மட்டும் அடையுங்கள்: சுமார் 30 கதியால். அவற்றில் 25 பிழைத்து, இரண்டாம் மாரியில் ஒவ்வொன்றும் நான்கு தடி தந்தால் 100. மூன்றாம் மாரியில் மிகுதியும் முடிந்துவிடும். முதல் 30 தடியை அயலவரிடம் கேட்டு வாங்குங்கள். மூன்றாம் ஆண்டில் நீங்கள் இன்னொரு குடும்பத்துக்கு 30 தடி கொடுங்கள். ஒரு கிராமமே இப்படி அடைபடும்.

8. எல்லையும் உரிமையும்

வேலிச் சண்டையால் பேச்சறுந்த குடும்பங்களை எல்லா ஊரிலும் காணலாம். இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது எல்லைக்கல்லும் இல்லை, பழைய கதியாலும் இல்லை. இந்த நிலையில் ஒருவர் தனித்து வேலி போடுவது நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும். உறுதியையும் வரைபடத்தையும் எடுத்து வைத்து, இயலுமானால் நில அளவையாளரைக் கொண்டு அளந்து, அயலவர் முன்னிலையில் மூலைக் கதியாலை நாட்டுங்கள். கதியால் பருத்தால் எல்லை அங்குலம் அங்குலமாக நகரும் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். குழை வெட்டும் உரிமை யாருக்கு, எந்தப் பாதியை யார் அடைப்பது என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள்.

பிறர் காணியில் இருப்பவர்களின் சிக்கல் வேறு. காணிக்காரர் உயிர்வேலி நாட்ட விடுவதில்லை என்று பலர் முறையிடுகிறார்கள். அவர்களுடைய அச்சத்துக்கும் காரணம் உண்டு. தனியார் காணியொன்றை உரிமையாளருக்கு எதிராகத் தடையின்றிப் பத்து ஆண்டுகள் ஆண்டுவந்தவர் அதற்கு உரிமை கோர எமது ஆட்சியுரிமைச் சட்டம் இடமளிக்கிறது. வேலி அதற்குச் சாட்சியாகிவிடுமோ என்று காணிக்காரர் பயப்படுகிறார். இதற்கு எளிய வழி ஒரு கடிதம். "இக்காணியில் உங்கள் அனுமதியோடு குடியிருக்கிறோம், மறைப்புக்காக உங்கள் சம்மதத்துடன் இந்தக் கதியால்களை நாட்டுகிறோம், காணிக்கு உரிமை கோரமாட்டோம்" என்று எழுதி, இருபகுதியினரும் சாட்சிகளும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்திருங்கள். அனுமதியோடு இருப்பது எதிராக ஆளுவதாகாது. காணிக்காரரின் பயம் தீரும். உங்கள் பெண்பிள்ளைகளுக்கு மறைப்புக் கிடைக்கும்.

9. போகப் போகிறோமே, ஏன் நாட்ட வேண்டும்?

இந்தக் கேள்வியை முகாம்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். "நாளைக்கு ஊருக்கு விடுவாங்கள் எண்டு சொல்லுறாங்கள். இஞ்ச ஏன் மரம் வைப்பான்?" 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களுள் சிலர் இப்படிக் காத்திருந்தே பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, கட்டியும் கொடுத்தார்கள். அந்தக் காலம் முழுவதும் கிழிந்த தறப்பாள் ஓரத்தில் குளித்தது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

நட்ட தென்னையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. உயிர்வேலியின் சிறப்பு, அதை எடுத்துச் செல்ல முடியும் என்பதே. ஊருக்குப் போகும் நாள் வரும்போது வேலியை வெட்டுங்கள். தடிகளை நிழலில் வைத்துக் கட்டுங்கள். ஐப்பசியாக இருந்தால் நேரே சொந்த எல்லையில் நாட்டலாம். விட்டுப்போகும் அடிக்கட்டை மீண்டும் துளிர்த்து, இடம் தந்த காணிக்காரருக்கு வேலியாக நிற்கும்.

பாடத்தின் தொடக்கத்தில் சொன்ன அந்தத் தாய் அவ்வாறே செய்தார். அவர் இப்போது தன் ஊரில் இருக்கிறார். வீடு முழுவதும் கட்டி முடியவில்லை; ஆனால் கிணற்றடி அடைத்திருக்கிறது. முகாமில் வளர்ந்த கிளுவைதான் அங்கே நிற்கிறது.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது குடியிருப்பில் மறைப்பு மிகவும் தேவைப்படும் இடம் எது? இதைப் பெண்களிடம் கேட்டு அவர்கள் சொல்லும் ஒழுங்கிலேயே எழுதுங்கள்.

2. கதியால் வெட்டத்தக்க முதிர்ந்த மரங்கள் எமது ஊரில் யார் யாரிடம் உள்ளன? ஐப்பசிக்கு முன் அவர்களிடம் பேசுவது யார்?

3. அடைக்கப் போகும் காணிகளுள் வெடிபொருள் அகற்றப்பட்ட உறுதி கிடைக்காதவை உண்டா?

4. எல்லை பற்றிப் பேசித் தீர்க்க வேண்டிய அயலவர் யார்? முதலில் போய்ப் பேசுவது நாமாக இருந்தால் என்ன?

5. மஞ்சள் அலரி நிற்கும் வேலிகளை எண்ணுங்கள். அவற்றை மாற்ற எத்தனை கதியால் வேண்டும்?

விடைகளை எழுதி வைத்து, மழை தொடங்குமுன் இன்னொரு முறை கூடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரும் கையில் ஒரு தடியோடு வரட்டும்.